பாதாளத்தில் இறங்கும் பெருச்சாளி எந்திரம்!

பெருச்சாளியைத் தெரியாதவர் யாரும் இல்லை. இரவில் வரும். சுவரைக் குடையும். சாக்கடைக்குள் போகும். எந்தப் பொந்திலும் புகுந்து, உடம்பெல்லாம் சேறோடு மறுபக்கம் வெளியே வரும்.

தெலுங்கில் இதற்குப் "பந்திகொக்கு" என்று பெயர். பந்தி என்றால் பன்றி. கொக்கு என்றால் நம் ஊர்க் கொக்கு அல்ல, எலி. ஆக, பன்றி எலி! வியாபாரம் செய்ய வந்த வெள்ளைக்காரன் இந்தப் பெயரைக் கேட்டான். அவன் வாயில் அது "பாண்டிகூட்" ஆகிவிட்டது. பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, அங்கே பார்த்த வேறொரு பிராணிக்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டான்.

ஊரெல்லாம் சுற்றிய அந்தப் பெயர் இப்போது நம் பக்கம் திரும்பி வந்திருக்கிறது. இந்தத் தடவை அது ஓர் எந்திரத்தின் பெயர்.

பாதாளச் சாக்கடைக் குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்கும் எந்திரம் அது. இங்கிலாந்திலோ ஜப்பானிலோ செய்தது அல்ல. பக்கத்தில் இருக்கும் கேரளத்து வாலிபர்கள் செய்தது!

மூன்று பேர் பலி

2015-ம் ஆண்டு நவம்பர் மாதம், கோழிக்கோடு நகரில் ஒரு பயங்கரம் நடந்தது.

பாதாளச் சாக்கடை வேலைக்காக ஆந்திராவில் இருந்து வந்த தொழிலாளர்கள் இரண்டு பேர் குழிக்குள் மயங்கிச் சிக்கிக் கொண்டார்கள். அருகில் இருந்த ஓர் ஆட்டோ டிரைவர் ஓடி வந்தார். உள்ளே கிடப்பவர்கள் யார், எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது. என்றாலும் அவர்களைக் காப்பாற்றக் குழிக்குள் இறங்கினார்.

மூன்று பேருமே மாண்டு போனார்கள்.

கேரளமே கண் கலங்கியது. மலப்புரம் மாவட்டம் குற்றிப்புறத்தில் உள்ள எம்.இ.எஸ். என்ஜினீயரிங் கல்லூரியில் படித்த வாலிபர்கள் சிலருக்கு இந்தச் செய்தி நெஞ்சில் தைத்தது. விமல் கோவிந்த் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் கல்லூரியில் படிக்கும்போதே ஓர் எந்திரக் கவசம் செய்தவர்கள். உடம்பில் அதை மாட்டிக்கொண்டால் பெரிய பாரத்தைத் தூக்கலாம். சினிமாவில் வருகிற மாதிரியான சாமான்!

அந்த மூளையைச் சாக்கடைக் குழியின் பக்கம் திருப்பினார்கள். "ஜென்ரோபாடிக்ஸ்" என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். கேரள சர்க்காரின் உதவியும் கிடைத்தது. 2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் திருவனந்தபுரத்தில் "பாண்டிகூட்" எந்திரம் முதன்முதலாகக் குழிக்குள் இறங்கியது.

கிணற்றில் கால் ஊன்றுவது போல...

இந்த எந்திரத்துக்கு இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று சாலையில் நிற்கும். இன்னொன்று குழிக்குள் போகும்.

கிணற்றுக்குள் இறங்குகிறவன் இரண்டு பக்கச் சுவரிலும் கால்களை விரித்து ஊன்றிக் கொள்வான் அல்லவா? அதே போல, உள்ளே போன பாகம் தன் கால்களை விரித்துக் குழியின் சுவரில் ஊன்றிக் கொள்கிறது. அதற்கு நான்கு கால்கள். சுவரில் ஊன்றியதும் அசையாமல் நிற்கும். பிறகு கையை நீட்டும். கையின் நுனியில் வாளி இருக்கிறது. அடியில் கிடக்கும் கல், மண், துணி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் அள்ளும். அள்ளியது மேலே வரும்.

அதற்குக் கண்ணும் உண்டு. காமிராக்களைத்தான் சொல்கிறோம். இருட்டிலும் பார்க்கக்கூடிய காமிராக்கள். மூக்கும் உண்டு. உள்ளே என்ன விஷ வாயு, எவ்வளவு இருக்கிறது என்பதை அது கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

சாலையில் நிற்கும் பாகத்தில் ஒரு திரை இருக்கிறது. குழிக்குள் நடப்பதெல்லாம் அதில் தெரியும். ஓர் ஆள் நின்றுகொண்டு, திரையைப் பார்த்தபடி எந்திரத்தை ஓட்டுகிறார்.

அந்த ஆள் யார்? பெரிய படிப்புப் படித்த என்ஜினீயராகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. நேற்று வரை இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கியவருக்கே பயிற்சி கொடுக்கிறார்கள். உள்ளே எங்கே அடைக்கும், எப்படி அடைக்கும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

தமிழ்நாட்டில் கும்பகோணம், கோயம்புத்தூர் முதலிய ஊர்களுக்கும் இந்த எந்திரம் வந்தது. 2023-ம் ஆண்டில் குருவாயூர் கோவில் நகரத்தின் பாதாளச் சாக்கடைக்கும் இதைக் கொண்டு வந்தார்கள்.

நாற்றம் நின்றால் ஆபத்து!

குழிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஏறிவிட முடியாதா என்று சிலர் கேட்பார்கள்.

காற்றுப் புகாத இடத்தில் மலமும் கழிவும் அழுகும்போது பல வாயுக்கள் உண்டாகின்றன. அவற்றில் மிகப் பொல்லாதது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகின முட்டை நாற்றம் என்கிறோமே, அந்த நாற்றம் இதனுடையது. இது காற்றைவிடக் கனமானது. ஆகையால் மேலே எழும்பிப் போகாமல் குழியின் அடியிலேயே தங்கி நிற்கும்.

நாற்றம் அடித்தால் ஓடிவிடலாமே என்று தோன்றும். இந்த வாயுவின் வஞ்சகம் அங்கேதான் இருக்கிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு இது கலந்துவிட்டால், மூக்கு மரத்துப் போகும். நாற்றமே தெரியாது! உள்ளே இருப்பவன், "வாயு போய்விட்டது" என்று நினைத்து இன்னும் ஒரு படி கீழே இறங்குவான். எழுநூறு, ஆயிரம் பங்கு என்று ஏறிவிட்டால், ஒன்றிரண்டு மூச்சிலேயே சுருண்டு விழ வேண்டியதுதான். கத்தக்கூட நேரம் இருக்காது.

சேறு அமைதியாகக் கிடக்கும்போது வாயு அதற்குள்ளேயே அடைபட்டு இருக்கும். கம்பால் கிளறினாலும் காலால் மிதித்தாலும் குபீரென்று கிளம்பும். "மூடியைத் திறந்து வைத்து நெடுநேரம் ஆயிற்று. இனிப் பயம் இல்லை" என்று சொல்லி இறங்குகிறவர்கள் சாவது இதனால்தான்.

இன்னொரு வாயு மீத்தேன். அதற்கு நாற்றம் கிடையாது. தீப்பற்றும். வாயு இருக்கிறதா என்று பார்க்கச் சில இடங்களில் தீக்குச்சியைக் கிழித்துக் குழிக்குள் போடுகிறார்கள். இது எமனைக் கூப்பிட்டு விருந்து வைப்பதாகும்.

சாவுச் செய்திகளைப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பெரும்பாலும் ஒருவர் சாவதில்லை. இரண்டு பேர், மூன்று பேர் என்றுதான் வருகிறது. முதலில் இறங்கியவர் விழுவார். "அண்ணே!" என்று அலறிக்கொண்டு தம்பி இறங்குவார். அவரைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரர் இறங்குவார். கோழிக்கோட்டில் நடந்ததும் அதுதான்.

முதல் இடம் யாருக்கு?

இப்படி எத்தனை பேர் சாகிறார்கள்? மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் கொடுத்த கணக்கின்படி, 2018-ம் ஆண்டு முதல் 2022-ம் ஆண்டு வரை சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் பலியானவர்கள் 300 பேருக்கும் மேல். அதில் எந்த ராஜ்யத்துக்கு முதல் இடம் தெரியுமா?

தமிழ்நாட்டுக்கு! 50 பேருக்கு மேல் இங்கே மாண்டிருக்கிறார்கள்.

படிப்பில் முந்தி நிற்கிறோம். ஆஸ்பத்திரிகளில் முந்தி நிற்கிறோம். கார் செய்வதில் முந்தி நிற்கிறோம். இதிலுமா முந்தி நிற்க வேண்டும்?

இங்கே சாவுகளை ஒழுங்காகப் பதிவு செய்கிறார்கள், அதனால்தான் கணக்கு அதிகமாகத் தெரிகிறது என்று சொல்லப்படுவது உண்டு. இருக்கலாம். ஐம்பது குடும்பங்களின் அழுகையை அந்தச் சமாதானம் நிறுத்தாது.

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைக்கக் கூடாது என்று 1993-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 2013-ம் ஆண்டில் அதைவிடக் கடுமையான சட்டம் வந்தது. பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ ஆளை இறக்கினால், முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை ஜெயில், இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் ஐந்து ஆண்டு, ஐந்து லட்சம்.

செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ம் ஆண்டில் உத்தரவு போட்டது. 2023-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2025-ம் ஆண்டு ஜனவரியில், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் ஆளை இறக்குவதை அடியோடு நிறுத்த வேண்டும் என்றும் சொன்னது.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. 2021-ம் ஆண்டு பார்லிமெண்டில், "கையால் மலம் அள்ளியதால் யாரும் சாகவில்லை" என்று மத்திய சர்க்கார் பதில் சொன்னது. பொய்யா என்றால், பொய் இல்லை! சட்டப்படி மலம் அள்ளுவது வேறாம். சாக்கடைக்குள் இறங்கிச் சாவது வேறாம். அந்தச் சாவு வேறொரு கணக்குப் புத்தகத்தில் எழுதப்படுகிறது.

புத்தகம் எதுவானாலும் விதவை ஆனவள் ஒருத்தியே.

46 லட்சம் எந்திரக் கைகள்

எந்திர மனிதனை "ரோபோட்" என்கிறோம். இந்தச் சொல் பிறந்த கதை சுவையானது. செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் 1920-ம் ஆண்டில் ஒரு நாடகம் எழுதினார். மனிதனுக்காக உழைக்கும் செயற்கை ஆட்கள் அதில் வருவார்கள். அவர்களுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவர் யோசித்தபோது, அவருடைய அண்ணன் ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார். "ரோபோட்டா" என்ற செக் சொல்லில் இருந்து வந்தது அது. பண்ணையாருக்காகக் குடியானவன் கட்டாயமாகச் செய்ய வேண்டிய உழைப்பு என்று அதற்கு அர்த்தம். நம் கிராமங்களில் முன்பு "வெட்டி வேலை" என்று சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான்.

முதல் தொழிற்சாலை ரோபோட் 1961-ம் ஆண்டில் அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் நியூஜெர்சி தொழிற்சாலையில், அச்சில் இருந்து கொதிக்கக் கொதிக்க வரும் உலோகத் துண்டுகளை எடுத்து அடுக்குவது அதன் வேலை. கையைச் சுடும் வேலை, நுரையீரலைக் கெடுக்கும் வேலை. அதைத்தான் முதலில் எந்திரத்திடம் கொடுத்தார்கள். நல்ல தொடக்கம்!

அதன் பிறகு ரோபோட் எங்கே போயிற்று? பணம் இருக்கும் இடத்துக்குப் போயிற்று. 2024-ம் ஆண்டில் மட்டும் உலகத் தொழிற்சாலைகளில் 5 லட்சத்து 40 ஆயிரம் புதிய ரோபோட்டுகளைப் பொருத்தினார்கள். அதில் பாதிக்கு மேல் சீனாவில். அந்த ஆண்டில் உலகத்தில் மொத்தம் வேலை செய்துகொண்டு இருந்தவை சுமார் 46 லட்சம். இந்தியாவும் சும்மா இல்லை. அந்த ஒரே ஆண்டில் சுமார் 9 ஆயிரம் ரோபோட்டுகளை நாம் வாங்கிப் பொருத்தினோம்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கார்த் தொழிற்சாலைகளுக்குப் போனால் பார்க்கலாம். வரிசை வரிசையாக எந்திரக் கைகள். குனிகின்றன, நிமிர்கின்றன, தீப்பொறி பறக்கத் தகட்டைப் பற்றவைக்கின்றன. ஒரு முடி அளவுகூடப் பிசகு கிடையாது.

சீனாவில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பீஜிங் நகரத்தில், இரண்டு கால் ரோபோட்டுகள் மனிதர்களோடு ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொண்டன. 21 கிலோ மீட்டர் தூரம்! முதலில் வந்த ரோபோட் 2 மணி 40 நிமிஷத்தில் ஓடி முடித்தது. வழியில் கீழே விழுந்து எழுந்தவையும் உண்டு.

எந்திரம் 21 கிலோ மீட்டர் ஓடுகிறது. நம் தெருவில் இருபது அடி ஆழக் குழிக்குள் இறங்க மட்டும் இன்னும் ஆளைத் தேடுகிறோம்!

உயிர் மலிவு

ஏன்? எந்திரம் கண்டுபிடிக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. பெருச்சாளி வந்துவிட்டது. அதற்கு முன்பே கழிவுநீர் லாரி இருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் "ஜெட்ராடிங்" எந்திரம் இருக்கிறது. தூர் வாரும் எந்திரம் இருக்கிறது.

நம் அபிப்பிராயத்தில் காரணம் ஒன்றுதான். எந்திரத்தின் விலை பல லட்சம் ரூபாய். மனிதனின் விலை ஒரு நாள் கூலி.

கார்த் தொழிற்சாலை முதலாளி ரோபோட் வாங்குகிறார் என்றால், அது நல்ல கூலி வாங்கும் தொழிலாளியின் வேலையைச் செய்கிறது. போட்ட பணம் சில ஆண்டுகளில் திரும்பி வந்துவிடும். சாக்கடைக் காண்டிராக்டர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவருக்கு நஷ்டம்தான். ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் இறங்க ஆள் கிடைக்கும்போது அவர் எதற்காக எந்திரம் வாங்குவார்?

ஆள் எதனால் கிடைக்கிறான்? அதையும் மூடி மறைக்க வேண்டாம். சாக்கடை, செப்டிக் டேங்க் வேலை செய்கிறவர்களில் 38 ஆயிரம் பேரைப் பற்றிச் சர்க்கார் எடுத்த கணக்கு 2024-ம் ஆண்டில் வெளிவந்தது. நூற்றுக்கு 69 பேர் பட்டியல் சாதியினர். பிறப்பால் ஒருவன் தலையில் கட்டிய வேலை, தலைமுறை தலைமுறையாக அவனை விடவில்லை. மகன் வேறு வேலை தேடிப் போனாலும், "உன் அப்பன் செய்த வேலைதானே?" என்று கூப்பிடுகிறார்கள். போதை இல்லாமல் அந்தக் குழிக்குள் இறங்க முடியாது என்று குடிக்கிறவர்கள் பலர். பிறகு, "குடிகாரப் பயல்" என்று அவரையே ஏசுகிறோம்.

எனவே சந்தை தானாக இந்த எந்திரத்தைக் கொண்டு வராது. குழிக்குள் ஆளை அனுப்புவது எந்திரத்தைவிடச் செலவு மிகுந்த காரியம் என்று ஆக வேண்டும். சட்டத்தில் எழுதியிருக்கும் ஜெயில் தண்டனை உண்மையிலேயே நடந்தால் அது ஆகும். இப்போது நடப்பது என்ன? சாவு நடந்த மறுநாள் மேஸ்திரியைக் கைது செய்கிறார்கள். வேலையைக் கொடுத்த பெரிய மனிதரின் பெயர் போலீஸ் புத்தகத்தில் ஏறுவது அபூர்வம். சில மாதங்களில் எல்லாம் மறந்து போகும்.

எந்திரம் யார் கையில்?

"எந்திரம் வந்தால் எங்கள் வயிற்றுப்பாடு என்ன ஆகும்?" தொழிலாளிகள் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. குழி கொல்லும் என்பது அவர்களுக்குத் தெரியாதது அல்ல. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே!

இதற்கும் வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். ஐதராபாத் குடிநீர் வாரியம் 2017-ம் ஆண்டில் 70 சிறிய சாக்கடை எந்திரங்களை இறக்கியது. குறுகலான சந்துகளிலும் போகக்கூடிய சின்ன வண்டிகள். அவற்றின் சொந்தக்காரர்கள் வாரியமோ பெரிய கம்பெனியோ அல்ல. தலித் தொழில் முனைவோர். கடன் வாங்கி வண்டியைச் சொந்தமாக்கிக் கொண்டார்கள். வாரியம் அவர்களுக்கு வேலை கொடுத்தது. 2019-ம் ஆண்டில் டெல்லியில் 200 எந்திரங்களை இதே முறையில் கொடுத்தார்கள். 2024-ம் ஆண்டில் சென்னையிலும், தூய்மைப் பணியாளர்களையே முதலாளிகளாக்கி 200-க்கும் மேற்பட்ட கழிவுநீர் வாகனங்களை ஒப்படைக்கும் திட்டம் தொடங்கியது.

கிண்டியில் இருக்கும் ஐ.ஐ.டி.யிலும் ஓர் எந்திரம் பிறந்தது. பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழுவினர் செய்தது. பெயர் "ஹோமோசெப்". இது செப்டிக் டேங்க்குக்காக உண்டானது.

செப்டிக் டேங்க்கில் என்ன சிக்கல் என்றால், லாரிக் குழாய் தண்ணீரை உறிஞ்சிவிடும். அடியில் இறுகிக் கிடக்கும் சேறு வராது. அதைக் கலக்கிவிடத்தான் ஆளை இறக்குகிறார்கள். டேங்க்கின் வாய் சிறியது, வயிறு பெரியது. பெரிய எந்திரத்தை உள்ளே விட முடியாது. ஐ.ஐ.டி.காரர்கள் குடையைப் பார்த்து யோசித்திருக்கிறார்கள் போலும்! மடக்கிய இறக்கைகளோடு ஒரு தண்டு வாய் வழியாக உள்ளே போகிறது. போனதும் இறக்கைகள் தலைகீழ்க் குடை போல விரிகின்றன. சுழன்று சுழன்று சேற்றை மோர் கடைவது போலக் கலக்குகின்றன. கலங்கிய சேற்றைக் குழாய் உறிஞ்சிவிடுகிறது.

2022-ம் ஆண்டில் இதை வெளியே கொண்டு வந்தபோது முதலில் யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? இந்த வேலையில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் முன்னின்று நடத்தும் சுய உதவிக் குழுக்களிடம். அவர்களுக்குப் பரிதாபம் காட்டி ஒரு தையல் எந்திரம் கொடுத்து அனுப்பிவிடாமல், கணவனைக் கொன்ற குழியையே அடக்கும் எந்திரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இதைச் செய்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் இந்தக் காரியங்கள் எல்லாம் கடுகளவு. நகரசபைகளும் பேரூராட்சிகளும் கிராமங்களும் எத்தனை! ஒவ்வொன்றிலும் எத்தனை குழிகள்! எந்திரத்தை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டால் மட்டும் போதாது. பழுது பார்க்க ஆள் வேண்டும். உதிரிச் சாமான் வேண்டும். ஓட்டுகிறவருக்கு மாதச் சம்பளம் ஒழுங்காக வர வேண்டும். இதற்கெல்லாம் ஆண்டுதோறும் பணம் ஒதுக்காவிட்டால், எந்திரம் கொட்டகையில் துருப்பிடிக்கும். மனிதன் மறுபடியும் கயிற்றைக் கட்டிக்கொள்வான். பழைய காலத்துக் கோணல் மாணல் குழிகளில் பெருச்சாளியும் புக முடியாது. அந்தக் குழிகளை இடித்துக் கட்டுவதும் நகரசபையின் செலவுதான். 2023-ம் ஆண்டு பட்ஜெட்டில் மத்திய நிதி மந்திரி, "மேன்ஹோல் இனி மெஷின்ஹோல் ஆகும்" என்றார். மேன் என்றால் ஆள். ஹோல் என்றால் துளை. ஆள் இறங்கும் துளை எந்திரம் இறங்கும் துளையாக மாறுமாம். நல்ல வார்த்தை. குழியை மாற்றிக் கட்டினால்தான் பெயர் மாறும்.

இன்னொரு விஷயம். எந்திரத்தை ஓட்டும் வேலையும் ஒரே சாதிக்காரர்கள் தலையில் விழக் கூடாது. டிரைவர் வேலைக்கு விளம்பரம் செய்கிறபடி இதற்கும் செய்ய வேண்டும். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் மனுப் போடட்டும். நாற்றமும் ஆபத்தும் போன பிறகு, மேலே நின்று திரையைப் பார்த்து ஓட்டும் வேலைதானே?

நம் வீட்டுக் கொல்லையில்

இதுவரை சர்க்காரையும் காண்டிராக்டரையும் சொன்னோம். ஆனால் சாவுகளில் பல, பெரிய சாலையில் நடப்பவை அல்ல. வீடுகளில், ஓட்டல்களில், அடுக்குமாடிக் கட்டடங்களில் உள்ள செப்டிக் டேங்க்குகளில் நடப்பவை. அங்கே ஆளைக் கூப்பிட்டவர் யார்? வீட்டுக்காரர்தான். படித்தவர், நல்லவர், கோவிலுக்குப் போகிறவர். "லாரிக்காரன் கூட்டி வந்தான். நான் என்ன செய்வேன்?" என்பார். சட்டம் அவரையும் விடாது. எந்த ஆளும் இந்த வேலைக்கு ஆளை இறக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது.

செப்டிக் டேங்க்கை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவை காலி செய்துவிட வேண்டும். பத்து ஆண்டு சும்மா விட்டால் அடிச்சேறு கல்லாக இறுகிவிடும். அப்போது குழாய் உறிஞ்சாது. அப்போதுதான், "ஓர் ஆள் இறங்கினால் சுத்தமாக எடுத்துவிடலாம் சார்" என்ற பேச்சு வரும். துணி, குழந்தைக்குக் கட்டும் டயாப்பர், நாப்கின் இவற்றைக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவதும் கூடாது. குழாயை அடைப்பவை இவைதான். வீட்டுப் பெண்கள் சங்கடப்படாமல் குப்பையில் போட வசதி செய்து கொடுப்பது குடும்பத் தலைவரின் பொறுப்பு.

யாராவது உள்ளே விழுந்துவிட்டால், அவர் பெற்ற பிள்ளையே ஆனாலும் குழிக்குள் குதிக்காதீர்கள். சொல்வது கொடுமையாக இருக்கும். குதித்தால் இரண்டு பிணம் என்பதுதான் அதைவிடக் கொடுமை. உடனே 101-க்குப் போன் செய்து தீயணைப்புப் படையைக் கூப்பிட வேண்டும். அவர்களிடம் மூச்சுக் கருவி இருக்கிறது. தூக்கி வெளியே போட்ட பிறகு காற்றோட்டமாகக் கிடத்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

தமிழ்நாட்டில் கழிவுநீர் லாரிக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று கேட்கலாம். சுத்தம் செய்ய வண்டி வேண்டுமானால் கூப்பிடுவதற்கு என்றே 14420 என்ற எண்ணைச் சர்க்கார் அறிவித்தது. எங்கே கூப்பிட்டாலும், லாரி வந்து நின்றதும், மூடியைத் திறப்பதற்கு முன்னாலேயே, "உள்ளே ஆள் இறங்குமா?" என்று கேட்டுவிடுங்கள். "இறங்கும்" என்று பதில் வந்தால், பேசிய வாடகையில் பாதி போனாலும் பரவாயில்லை, லாரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.